மைக் கைக்கு வந்ததும் முதல் வரி

"அனைவருக்கும் வணக்கம். இன்று நான் பேச வந்த தலைப்பு..." போன வருஷம் ஒரு சிம்போசியத்தில் இப்படித்தான் ஆரம்பிச்சேன். தலைப்பைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முன்வரிசை மொபைலுக்குள்ள போயிருச்சு.

இயக்குநர் பாரதிராஜா நம்ம அல்லிநகரத்துக்காரர். அவர் படம் ஆரம்பிக்கும்போது வர்ற குரல் ஞாபகம் இருக்கா? "என் இனிய தமிழ் மக்களே!" நாலே சொல். 'என்' உறவு சொல்லுது; 'மக்களே' உங்களையே கூப்பிடுது. 1893-ல் சிகாகோவில் விவேகானந்தரும் சகோதரிகளே, சகோதரர்களே என்றுதான் தொடங்கினார், அரங்கமே கைதட்டியது.

அதனால முதல்ல கூப்பிடுங்க. அடுத்து, கேட்கிறவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு காட்சியோ கேள்வியோ வைங்க. அதுக்கப்புறம்தான் தலைப்பு. முதல் ரெண்டு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கை நடுக்கம் குறைஞ்சிரும். பிளேஸ்மென்ட்ல "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டாலும் இதேதான்!