பொய் ஈயும் மெய்க் கலையும்

கலை என்பது இயற்கையை அவ்வண்ணமே பிரதி செய்வதா, அன்றி அதன் சாயலைக் காட்டுவதா என்னும் வாதம் நம் இலக்கிய வட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. இதே வாதம் ஆற்றங்கரையிலும் எழுந்தது என்பதை, ட்ரவுட் மீனுக்குப் பொய் ஈ கட்டும் தொழிலைப் பற்றிக் கற்றபோது உணர்ந்து வியந்தேன்.

ட்ரவுட், தெளிந்து குளிர்ந்த ஓடுநீரில் வாழும் மீன். ஆங்கிலேயர் 1880களில் நம் நுவரெலியாவுக்கும் அதனைக் கொணர்ந்தனர். அதன் இரைகளுள் ஒன்று ‘மே ஈ’. இப்பூச்சி இளம்பருவத்தைப் பல மாதங்கள் நீரடியிலே கழிக்கும். சிறகு பெற்றபின்னரோ அதற்கு உணவும் இல்லை. ஓரிரு நாளுக்கு மேல் வாழ்வும் இல்லை. பறந்தெழுமுன் நீர்மேல் மிதந்து செல்லும் சிறுபொழுதில் மீன் அதனைக் கவ்வுகிறது. அத்தோற்றத்தையே தூண்டிற்காரன் முள்ளின்மேல் ஆக்கவேண்டும். அமிழாது மிதக்கும் அப்பொய் ஈயை ‘உலர் ஈ’ என்பர்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரிலே, பளிங்குபோல் ஓடும் டெஸ்ட், இட்சென் ஆறுகளின் கரையில் இக்கலையை நெறிப்படுத்தியவர் பிரெடெரிக் ஹல்ஃபோர்ட். மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறைபற்றி 1886 இல் அவர் நூல் எழுதினார். ஒவ்வொரு பூச்சியின் நிறத்தையும் அளவையும் நுணுகி நோக்கி, அதனையே ஒத்த ஈயைக் கட்டவேண்டும் என்பது அவர் கொள்கை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1922 இல் லெனர்ட் ஹலடே கட்டிய ஈயோ வேறு வகையினது. நண்பர் சார்ள்ஸ் அடம்ஸின் பெயரால் ‘அடம்ஸ்’ என வழங்கும் அது, எந்த ஒரு பூச்சியின் பிரதியும் அன்று; பல பூச்சிகளின் சாயல்.

இன்று அதனைக் கட்டும் முறை கேளுங்கள். முள்ளை இடுக்கியிற் பற்றவைத்து, தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றுவர். விறைத்த இறகிழைகள் சில வாலாகும். கருமையும் வெண்மையும் வரியிட்ட சேவலின் இரு தூவி நுனிகள் சிறகாக நிமிரும். மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் பிராணியின் சாம்பல்நிற உரோமத்தை நூலில் திரித்துச் சுற்ற, உடல் உருவாகும். இறுதியில் கபிலத் தூவி ஒன்றையும் வரித்தூவி ஒன்றையும் சிறகடியில் ஒருங்கே சுற்றுவர். இழைகள் கதிர்போல் நாற்புறமும் விரியும். முள்ளின் கண்ணருகே சிறிது இடம் விட்டு, தலையை முடிச்சிட்டு, ஒரு துளி வார்னிஷ் இடுவர்.

விரிந்த அவ்விழைகளிலேதான் ஈயின் உயிர்நிலை. முதிர்ந்த சேவலின் கழுத்துத் தூவியே அதற்கு உகந்தது. அதன் இழை விறைப்பானது. நீரின் மேற்பரப்பிழுவிசை அதனைத் தாங்கும். பெட்டைக்கோழியின் தூவி மென்மையானது, நனைந்து அமிழும். இழையின் நீளம் முள்ளின் வாயகலத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருத்தல் நன்று.

மீன் கீழிருந்து நோக்குகிறது. இழைநுனிகள் நீர்ப்பரப்பில் இடும் குழிகளும், ஒளியை மறைக்கும் சிறு நிழலுருவுமே அதன் கண்ணுக்குப் படுகின்றன. ஆகவே ஒவ்வொரு நரம்பையும் வரையவேண்டியதில்லை. பார்ப்பவன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதை அறிந்தாற் போதும்.

இதனால் ஹல்ஃபோர்டின் உழைப்பு வீண் என்று நான் கொள்ளேன். பூச்சியை முற்ற நோக்காதவனுக்கு அதில் எதை விடலாம் என்பது தெரியாது. எழுத்திலும் சுருக்கம் நிறைந்த அறிவின் பயனாக வரவேண்டும். அறியாமையை மறைக்கும் போர்வையாக அன்று. ஈ கட்டுவோனுக்கு ஒரு நற்பேறும் உண்டு. அவனுடைய விமரிசகர் நீருக்கடியில் இருக்கிறார், முகமன் கூறுவதில்லை. ஈ பொருந்தாவிடின் வாய் திறவாது இருந்துவிடுகிறார்.