குளம் வான் பாயும் வேளை

மன்னார்த் தீவில் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பேருந்துக்குக் காத்துநிற்கும் முதியோர் பலர் கிளினிக்குக்குப் போகிறவர்கள். ஊர் ‘சீனி வருத்தம்’ என்று சொல்லும் நீரிழிவுக்கு, உண்ணாத குருதியில் அளந்த ஓர் எண்ணையே நம்மவர் ஆண்டுக்கணக்கில் நம்பியிருக்கிறார்கள். இரவு முழுதும் அடங்கிக் கிடந்த குருதியின் மட்டம் அது. நண்பகலில் சோறுண்டபின் அதே குருதி எவ்வளவு உயர்ந்தது என்பதை அவ்வெண் காட்டாது.

பெருநிலத்துக் கட்டுக்கரைக்குளத்தை எண்ணிப் பாருங்கள். அருவியாற்று நீர் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியே வந்து அதனை நிறைக்கிறது. துருசு திறந்தால் வயலுக்குப் பாய்கிறது. வரத்து மிகுந்தால் குளம் வான் பாய்கிறது. உணவின் மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியில் சேர்வதே வரத்து. தசைக்கு அதனைத் திறந்துவிடும் துருசு இன்சுலின். நலமுள்ள உடலில் குளுக்கோசு ஏறத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் சதையி இன்சுலினை ஒரு முதல் வீச்சாகச் சுரக்கிறது. ஈரலும் தன் கையிருப்பை வெளிவிடாமல் அடங்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் மங்குவது இவ்வீச்சுத்தான். ஆதலால் காலை எண் செவ்வனே இருக்கும் காலத்திலேயே பலருக்கு உண்டபின் மட்டம் ஏறத் தொடங்கிவிடுகிறது. டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால், சிறுநீரகம் குளுக்கோசை முற்றாக மீட்க மாட்டாமல் சிறுநீரில் விடுகிறது. உடல் வான் பாயும் வேளை அது.

நெடுநாள் நிலையைக் காட்டுவது வேறோர் அளவை. பேசாலையில் மீனுக்கு உப்பிடுவோர் அறிவர்: மீனில் ஏறும் உப்பு, உப்பின் செறிவையும் மீன் கிடந்த நாளையும் பொறுத்தது. செங்குருதிக் கலத்துள் ஈமோகுளோபினில் குளுக்கோசு ஒட்டுவதும் அவ்வாறே. நொதி எதுவும் வேண்டாது, மெல்ல ஏறும், ஏறியது, கலம் வாழும் ஏறத்தாழ 120 நாளும் நீங்காது. நீரிழிவாளர் குருதியில் இத்தகைய ஈமோகுளோபின் மிகுந்திருப்பதை 1968இல் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ரக்பர் வெளிப்படுத்தினார். இன்று அதனை ஏ1சி என்கிறோம், 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு என 2011இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. இரும்புச்சத்துக் குறைவாலும் குருதியிழப்பாலும் இவ்வெண் பிறழக்கூடும். சோகை உள்ள பெண்கள் அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உண்டபின் ஏறும் மட்டத்துக்கும் ஏ1சிக்கும் உள்ள உறவை 2003இல் பிரான்சிய மருத்துவர் லூயி மொன்னியேயின் குழு ஆராய்ந்தது. ஏ1சி 7.3க்குக் கீழிருந்தோரிடம் பகற்பொழுதின் குளுக்கோசு மிகையில் ஏறத்தாழ 70 விழுக்காடு உணவுக்குப் பின்னான ஏற்றத்தால் வந்தது. 10.2க்கு மேற்பட்டோரிடம் அப்பங்கு 30 விழுக்காடளவுக்குச் சுருங்கியது. காலை எண் நன்றாக இருந்தும் ஏ1சி இறங்கவில்லையே என்று வருந்துவோர், மருந்தைக் குறைகூறுமுன் மதியத் தட்டைப் பார்க்க வேண்டும்.

2005–06இல் இலங்கையில் நடந்த நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அதனை அறியாதிருந்தனர். போர்ச்சூழலால் வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் சேரவில்லை. மன்னார் அந்தக் கணக்கில் இல்லை என்பது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

நம் தட்டில் பகையும் உண்டு, துணையும் உண்டு. வெள்ளை மாவில் அவித்த பிட்டும் இடியப்பமும் விரைந்து குளுக்கோசாகும். நார்ப்பொருள் மிகுந்த உணவுடன் சேர்ந்தால் அவ்வேகம் தணியும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தினால் தீங்கில்லை என்று பலர் நம்புகிறார்கள். அதன் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்குரோசு. கடல் தரும் மீனோ குளுக்கோசை அவ்வாறு ஏற்றுவதில்லை. மீனையும் கீரையையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் தொட்டால் ஏற்றம் தாழ்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்சுலின் குறைந்த உடலிலும் திறக்கக்கூடிய இன்னொரு துருசு தசைக்கு உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் ஏவலுக்குக் காத்திராமல் குளுக்கோசை உள்ளிழுக்கிறது. மன்னார் வெயிலில் நண்பகல் நடை எளிதன்று. ஆனால் வேம்பு நிழல் விழும் முற்றத்தில், கை கழுவியவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல உலாவினாலே அது திறந்துகொள்கிறது.