கம்ப்யூட்டரை டெலிபிரிண்டர் ஆக்கலாம்!

தந்தி அலுவலகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் கடகடவென்று ஓடிய டெலிபிரிண்டரைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. ஆனால் ஹாம் ரேடியோக்காரர்கள் அந்த மெஷினின் மொழியை இன்றும் பயன்படுத்துகிறார்கள். இதன் பெயர் ரேடியோ டெலிடைப். சுருக்கமாக ஆர்டிடிஒய். மதுரையில் மொட்டை மாடியில் 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு டைபோல் ஆன்டெனா, ஒரு டிரான்ஸீவர், உங்கள் கம்ப்யூட்டர். இவை போதும், இன்டர்நெட் தேவையில்லை.

எப்படி வேலை செய்கிறது?

எமில் பாடோ 1874ல் காப்புரிமை பெற்ற 5 பிட் குறியீட்டிலிருந்து வளர்ந்தது இது. 2125, 2295 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் மாறி மாறிச் செல்லும். இடைவெளி 170 ஹெர்ட்ஸ். வேகம் 45.45 பாட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 60 சொற்கள்.

5 பிட்டில் 32 குறிகள்தான் கிடைக்கும். அதனால் எழுத்தும் எண்ணும் ஒரே குறியைப் பகிர்ந்துகொள்கின்றன. கீபோர்டைப் பாருங்கள். க்யூவுக்கு மேல் 1, டிக்கு மேல் 5, ஓவுக்கு மேல் 9. இரைச்சலில் ஷிஃப்ட் குறி தவறினால் 599 என்பது 'டிஓஓ' என்று திரையில் வரும். பயப்பட வேண்டாம்.

இணைப்பது எப்படி?

1. டிரான்ஸீவரின் ஆடியோ அவுட்டை சவுண்ட் கார்டின் லைன் இன்னில் செருகுங்கள். சவுண்ட் கார்டின் அவுட்புட்டை டிரான்ஸீவரின் டேட்டா ஜாக்கில் கொடுங்கள். இரண்டு வழியிலும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 'ஹம்' ஒலி வராது.

2. எம்எம்டிடிஒய் என்ற இலவச புரோகிராமை நிறுவி, அதில் 'ஹாம்' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். மேலே சொன்ன எண்கள் தானாக அமைந்துவிடும்.

3. ரேடியோவை எல்எஸ்பியில் வையுங்கள். யுஎஸ்பியில் வைத்தால் ஒலிகள் தலைகீழாகி, எழுத்துக்கள் கன்னாபின்னாவென்று வரும். இந்த யுஎஸ்பி பென் டிரைவ் செருகும் இடம் அல்ல, அப்பர் சைடுபேண்ட்!

4. விண்டோஸ் சவுண்டுகளை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் அந்த 'டிங்' ஓசையும் வானில் போகும்.

5. பேச்சைப் போல் இதில் இடைவெளி கிடையாது. ரேடியோ முழு நேரமும் முழு சக்தியைச் செலுத்துவதால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சூடேறி எரிந்துபோகலாம். 100 வாட் ரேடியோவை 50 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

லைசென்ஸ் இல்லாதவர்கள்?

டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, லைசென்ஸும் 'வியு' என்று தொடங்கும் அழைப்புக் குறியும் பெறாமல் ஒளிபரப்புவது குற்றம். அதுவரை ரேடியோ இல்லாமலே பழகலாம். இரண்டு கம்ப்யூட்டர்களில் இந்தப் புரோகிராமை நிறுவுங்கள். ஒன்றின் ஸ்பீக்கர் முன்னால் மற்றொன்றின் மைக்கை வைத்து டைப் செய்யுங்கள். நீங்கள் அடித்தது அங்கே எழுத்தாக வரும்!

கடைசியாக ஒன்று. மதுரைப் பக்கம் கோடை இடிமழை சொல்லாமல் வரும். வேலை முடிந்ததும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ரேடியோவோடு கம்ப்யூட்டரும் போய்விடும்.