கூழ்ப்பானையில் குடியிருப்பவர்கள்

ஆடி பிறந்துவிட்டால் மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்தில் கூழ்ப்பானைக்கு ஓய்வில்லை. அங்காளம்மனுக்கு வார்க்க வேண்டிய கூழுக்கு முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் திறந்தால் மாவு நுரைத்துப் புளிப்பு வாடை மூக்கில் ஏறும். அதன்பிறகுதான் நொய் வேகும் உலையில் ஊற்றித் துடுப்பால் கிளறுவது.

அந்த ஒரு ராத்திரியில் மாவுக்குள் வேலை பார்ப்பவை இரண்டு வகை உயிர்கள். மாவிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிப் புளிக்க வைப்பது பாக்டீரியா. கூடவே இருக்கும் ஈஸ்ட், பூஞ்சை இனம். இரண்டுமே ஒற்றைச் செல் உயிர்கள்தாம். ஆனால் பாக்டீரியா புரோகேரியோட், அதாவது உட்கரு இல்லாத செல். ஈஸ்டோ நம்மைப் போல யூகேரியோட், உட்கருவுள்ள செல்.

பாக்டீரியாவின் அகலம் சுமார் 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே உட்கரு கிடையாது. பெரும்பாலும் ஒரே வளையமான டி.என்.ஏ. சுருண்டு நடுவில் கிடக்கும். சுற்றிலும் புரதம் செய்யும் ரைபோசோம்கள் ஆயிரக்கணக்கில். மரபணுவின் நகல் எழுதி முடியுமுன்பே ரைபோசோம் அதைப் பற்றிக்கொண்டு புரதம் கட்டத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் நாற்றுப் பறிக்கும்போதே மறுபக்கம் நடவு நடப்பது மாதிரி.

ஈஸ்ட் செல் அதைவிடப் பல மடங்கு பெரியது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் டி.என்.ஏ. 16 குரோமோசோம்களாகப் பிரிந்து, இரட்டைச் சவ்வு சூழ்ந்த உட்கருவுக்குள் இருக்கிறது. நகல் உட்கருவின் துளை தாண்டி வெளியே வந்தால்தான் ரைபோசோமுக்கு வேலை. செய்த புரதத்தைப் பக்குவப்படுத்த எண்டோபிளாச வலை, பிரித்தனுப்பக் கோல்கை உறுப்பு, ஆற்றலுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று தனித்தனி இடங்கள்.

இதில் மைட்டோகாண்ட்ரியா மட்டும் விசித்திரமானது. அதற்கென்று சொந்த டி.என்.ஏ. உண்டு, மனிதரில் அது வளையமாகவே இருக்கிறது, தாய்வழியாகவே வருகிறது. அதன் ரைபோசோம்களும் பாக்டீரியாவினுடையதை ஒத்தவை. தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வம்சம்தான் இது என்று 1967-இல் உயிரியலாளர் லின் மார்குலிஸ் விரிவாக வாதிட்டார். முதலில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. மரபணு ஆய்வுகள் பின்னர் அவர் பக்கம் நின்றன.

கேழ்வரகுச் செல்லில் இன்னொரு குடியிருப்பாளரும் உண்டு. தானியத்தில் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் அமைலோபிளாஸ்ட், இலையின் பசுங்கணிகத்துக்கு உடன்பிறப்பு. அந்தக் குடும்பத்தின் மூதாதை, நீலப்பச்சை பாக்டீரியா.

ஆக, கேழ்வரகில் மாவைச் சேர்த்தது ஒரு பாக்டீரியாவின் வாரிசு. பானையில் புளிக்க வைத்தது பாக்டீரியாவே. குடித்த கூழை நம் உடம்பில் தெம்பாக்குவது இன்னொரு பாக்டீரியாவின் வாரிசு. உட்கருவுள்ள நாம் தூக்கில் வாங்கி வந்து குடிக்கிறோம்.