இருட்டறையில் ஒளியை ஆய்ந்த இப்னுல் ஹைதம்

இரவில் கண்களை மூடியவாறு வானை நோக்கி நின்று, பின் இமைகளைத் திறந்து பாருங்கள். அக்கணமே விண்மீன்கள் தென்படுகின்றன. நம் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டு அவற்றைத் தொட்டதாலா அவை தெரிந்தன? ஆம் என்றே கிரேக்க மேதைகளான யூக்ளிடும் தாலமியும் எழுதிச் சென்றனர். பல நூற்றாண்டுகள் உலகம் அதை ஏற்றிருந்தது.

வானுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பத்தக்க ஒன்று இச்சிறு கண்ணிலிருந்து வெளிப்பட்டும் கண் சிறிதும் குறையாதிருப்பது எங்ஙனம் என வினவினார் அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைதம். சூரியனை உற்று நோக்கினால் கண் வலிக்கின்றதே. வெளியிலிருந்து ஒளி வந்து தாக்குவதால் அன்றோ அவ்வலி!

ஏறத்தாழ கி.பி. 965இல் (ஹிஜ்ரி 354) பஸராவில் பிறந்த இவர், எகிப்தின் பாத்திமிய கலீபா அல்-ஹாகிமிடம் நைல் நதியைக் கட்டுப்படுத்தித் தருவதாகச் சென்றார் என்றும், நேரில் கண்டபின் இயலாதென ஒப்புக்கொண்டார் என்றும், கலீபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்து, 1021இல் அல்-ஹாகிம் மறையும்வரை காவலில் இருந்தார் என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ கூறுகின்றார். கதை கலந்திருக்கலாம். எனினும் ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாளிர்’ எனும் அரிய நூல் அக்காலத்தில்தான் உருவாயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து.

அவர் செய்த சோதனை ஒன்றை நம் இல்லத்துப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். இருட்டறைக்கு வெளியே சில விளக்குகளை வரிசையாக வைத்து, சிறு துளை வழியே ஒளியை உள்ளே விட்டார். எதிர்ச்சுவரில் விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளிப்பொட்டு தோன்றிற்று. இடப்புற விளக்கை மறைத்தால் வலப்புறப் பொட்டு மட்டும் மறைந்தது; விலக்கினால் மீண்டது. ஒளி நேர்க்கோட்டில் செல்கின்றது, ஒரே துளையில் கடந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதை அவர் கண்ணாரக் காட்டினார்.

உரைநூல் மேல் உரைநூல் ஓதி வளர்ந்த என் போன்றோர்க்கு முன்னோர் சொல்லைத் தொடவே கை நடுங்கும். தாலமியை மறுத்து எழுதிய நூலில் இவரோ, அறிஞர்களைப் பிழையினின்று இறைவன் காத்து வைக்கவில்லை. ஆகவே உண்மை தேடுவோன் முன்னோர் நூலையும் ஐயுற வேண்டும், தன்னையும் ஐயுற வேண்டும் என்கின்றார். பின்னதுதான் கடினம்.

இவரது நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. அதற்கு முன்பே, பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-பாரிஸீ அதற்கு விரிவுரை எழுதினார். நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு, அதே இருட்டறை முறையில், வானவில்லின் காரணத்தையும் அவர் கண்டறிந்தார்.