டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளின் இதழ்த்தசை இயக்கமும் தமிழ் இதழொலிகளும்

பகரமும் மகரமும் ஈரிதழ்களும் பொருந்துவதால் பிறக்கின்றன என்றும், வகரம் மேற்பல்லும் இதழும் பொருந்துவதால் பிறக்கிறது என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பன இதழ் குவிதலால் அமைபவை. அம்மா, அப்பா, பால், பூ எனக் குழந்தையின் தொடக்கச் சொற்கள் பலவும் இவ்வொலிகளாலானவை. எனவே, டவுன் நோய்க்குறியுள்ள குழந்தையின் பேச்சில் இதழ்த்தசைக் குறைபாடு தொடக்கத்திலேயே வெளிப்படக்கூடும்.

இந்நிலைக்கு 21ஆம் குரோமோசோம் மிகையாக இருப்பதே காரணம் என்பது 1959இல் லெஜூன் முதலியோரால் அறியப்பட்டது. தசைகளின் இயல்பான விறைப்பு குறைந்திருப்பது இதன் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. இதழ்களைச் சூழ்ந்துள்ள வாய்ச்சுற்றுத்தசை கன்னத்தசை இழைகளோடு பின்னியிருப்பதால், இரண்டும் தளரும்போது வாய் திறந்தே நிற்கிறது, உமிழ்நீர் வடிகிறது. ஆயினும் இதைத் தசையின் குறையாக மட்டும் கொள்வது பிழை. நடுமுக எலும்பு வளர்ச்சி குன்றுவதால் வாயறை சிறுத்து, நாக்கு முன்தள்ளுகிறது. குறுகிய மூக்கு வழியும் வீங்கிய அடினாய்டும் வாயால் மூச்சுவிடச் செய்கின்றன. மூச்சுக்காக வாய் திறந்திருக்கும் குழந்தையை “வாயை மூடு” என்று அதட்டுவதில் பயனில்லை. காது, மூக்கு, தொண்டைப் பரிசோதனையும் கேட்புத்திறன் சோதனையும் பயிற்சிக்கு முன் நிகழவேண்டியவை.

உண்ணும் முறையும் கருதத்தக்கது. தமிழ் வீடுகளில் அண்ணாந்து குடிக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு குடிக்கையில் இதழ்கள் குவளை விளிம்பைப் பற்றுவதே இல்லை; புரையேறும் வாய்ப்பும் மிகுதி. கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கக்கூடிய இக்குழந்தைகள் தலையை மிகப் பின்சாய்ப்பதும் நன்றன்று. சிறு குவளையில் வாய்வைத்துப் பருகுவதும், கரண்டியிலுள்ள கூழை மேலிதழால் வழித்துண்ணுவதும் இதழ்மூடலை அன்றாடச் செயலாக்குகின்றன.

அர்ஜென்டினா மருத்துவர் காஸ்டில்லோ மொராலஸ் வகுத்த அண்ணத்தகடு மேலிதழையும் நாக்கையும் தூண்டுவது. ஊதல் ஊதுதல் போன்ற பயிற்சிகளும் பரவலாகத் தரப்படுகின்றன. ஆனால், ஊதும் வலிமை பேச்சுத் தெளிவாக மாறும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. பேச்சொலிக்குத் தேவை வலிமையைவிட விரைவும் ஒத்திசைவுமே. பகரத்தைப் பயில்வதற்குப் பகரமுள்ள சொல்லே ஏற்றது.

மதிப்பீட்டில் குற்றியலுகரம் தனிக்கவனத்துக்குரியது. ‘காது’, ‘நாக்கு’ ஆகியவற்றின் ஈற்று உகரத்தை நல்ல பேச்சுத்திறன் உடையோரும் இதழ் குவியாமலே ஒலிக்கின்றனர். அச்சொற்களில் இதழ்குவிவைத் தேடும் சோதனை, இல்லாத குறையைப் பதிவுசெய்யும். ‘பூ’, ‘ஊசி’ போன்ற சொற்களே அதற்குப் பொருந்தும்.

பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் உள்ளது. கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் குழந்தையோடு அங்குச் சென்று திரும்புவது எளிதன்று, நாள்தோறும் இயலுவதுமன்று. இடைப்பட்ட நாள்களின் பயிற்சி வீட்டிலுள்ளோர் கையில் இருப்பதால், அவர்களிடம் தரப்படும் சொற்பட்டியல் அவ்வீட்டில் வழங்கும் பேச்சுச் சொற்களாலேயே அமையவேண்டும்.