ஆற்றைக் கடந்தால் வேறு சட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் கொலம்பியா என்னும் பெரிய ஆறு ஓடுகிறது. அதன் வடகரையிலுள்ள வான்கூவர் நகரம் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது. தென்கரையிலுள்ள போர்ட்லண்ட் நகரம் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. இரு கரைகளுக்கும் கொடி ஒன்று, நாணயம் ஒன்று. ஆனால் பாலத்தைக் கடந்தால் வரி மாறிவிடுகிறது! 2025ஆம் ஆண்டு நிலவரப்படி வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்திற்கு மாநில வருமான வரி இல்லை. பொருள் வாங்கினால் நூற்றுக்கு 6.5 வீதம் மாநில விற்பனை வரி உண்டு. ஓரிகனிலோ வருமான வரி உண்டு. விற்பனை வரி இல்லை. எனவே வடகரையில் குடியிருந்துகொண்டு தென்கரைக் கடைகளுக்குச் செல்வோர் உண்டு. ஆனால் தென்கரையில் வேலை பார்த்தால், அச்சம்பளத்திற்கு ஓரிகனில் வரி கட்டியே ஆக வேண்டும்.

ஒரே நாட்டில் இத்தகைய வேறுபாடு ஏன்? அந்நாடு பிறந்த கதையில் இதற்கு விடை இருக்கிறது. தனித்தனியே இருந்த 13 குடியேற்றங்கள் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து விடுபட்டு ஒன்றுசேர்ந்தே அந்நாடு உருவாயிற்று. தம் அதிகாரம் முழுவதையும் விட்டுக்கொடுக்க அவை விரும்பவில்லை. 1787இல் அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டது. மத்திய அரசுக்கு அளிக்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் வந்த பத்தாவது திருத்தம் கூறியது. இராணுவம், நாணயம், வெளிநாட்டு உறவு ஆகியவை மத்திய அரசிடம் உள்ளன. திருமணம், கல்வி, பெரும்பாலான குற்றவியல் சட்டங்கள் ஆகியவை மாநிலங்களின் கையில் உள்ளன. இன்று மாநிலங்கள் 50.

ஒரு வரி இல்லையென்றால் அரசுக்குச் செலவே இல்லை என்று பொருளன்று. டெக்சாஸ் மாநிலத்தில் வருமான வரி இல்லை. ஆனால் வீட்டு உரிமையாளர் செலுத்தும் சொத்து வரி அதிகம். கலிபோர்னியாவில் மிகப் பெரிய வருமானத்திற்கு வரி நூற்றுக்கு 13.3 வரை செல்கிறது. விற்பனை வரி ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே வீதம். வருமான வரியோ வருமானம் உயர உயர வீதமும் உயரும்படி விதிக்கத்தக்கது. ஆகவே எந்த வரி என்பது, சுமையை யார் தாங்குவது என்னும் கேள்வியே ஆகும்.

தண்டனையிலும் இவ்வேறுபாடு உண்டு. மிச்சிகன் மாநிலம் 1846இலேயே சட்டம் இயற்றி, தேசத்துரோகம் நீங்கலாக மற்றக் குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழித்தது. டெக்சாசிலோ 1982 முதல் 500க்கும் மேற்பட்டோருக்கு அத்தண்டனை நிறைவேற்றப்பட்டுள்ளது.

இம்முறையால் நன்மை உண்டா? உண்டு. ஒரு மாநிலம் துணிந்து புதிய வழியைச் சோதித்துப் பார்க்கலாம், அதனால் நாடு முழுவதற்கும் ஆபத்து இல்லை என்று 1932இல் நீதிபதி பிராண்டைஸ் எழுதினார். மாநிலத்தை அவர் ஆய்வுக்கூடமாகக் கண்டார். வயோமிங், மாநிலமாகும் முன்பே, 1869இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. பாலின அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கலாகாது என்பது 1920இல் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

ஆனால் அறிவியல் மாணவனாகிய எனக்கு இங்கே ஓர் ஐயம் எழுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனை தவறினால், கரைசலைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குகிறோம். மாநிலம் என்னும் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயில் இருப்பவர்கள் மனிதர்கள் அல்லவா?

வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லவிங் வெள்ளையர். மில்ட்ரெட் கறுப்பினப் பெண். 1958இல் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்று மணம் புரிந்துகொண்டு ஊர் திரும்பினர். தலைநகரில் செல்லுபடியான அத்திருமணம் வர்ஜீனியாவில் குற்றம்! நள்ளிரவில் காவலர் வீடு புகுந்து அவர்களைக் கைது செய்தனர். 1959இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இருவரும் மாநிலத்தை விட்டு வெளியேறி, 25 ஆண்டுகள் சேர்ந்து திரும்பாதிருந்தால் சிறை இல்லை என்றார் நீதிபதி. சொந்த ஊரை இழந்த அத்தம்பதியர் வழக்காடினர். 1967 ஜூன் 12இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதுவரை வர்ஜீனியா உட்பட 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் இருந்தது.

விற்பனை வரி ஆற்றுக்கு இக்கரையில் ஒன்றாகவும் அக்கரையில் வேறாகவும் இருக்கலாம். அதனால் யாரும் மனிதத் தன்மையை இழப்பதில்லை. ஆனால் கணவனும் மனைவியும் ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் குற்றவாளிகள் ஆவது எவ்வகையில் நியாயம்? எவை மாநிலத்திற்கு மாநிலம் மாறலாம், எவை எங்கும் மாறவே கூடாது என்று பிரித்தறிவதே கூட்டாட்சியின் உயிர். அமெரிக்கா அதை லவிங் தம்பதியர் போன்றோரின் துன்பத்தின் வாயிலாகவே கற்றுக்கொண்டது.